உப்புத் தொட்டியும் இரண்டாவது சுவிட்சும்

லிஃப்ட்காரர் வீட்டைப் பூட்டும்போது கூட வருபவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார். பாதிப் படி இறங்கிவிட்டு மறுபடி ஏறிவந்து இன்னொரு தரம் இழுப்பார். அதுவும் போதாதென்று மனைவியை இழுத்துப் பார்க்கச் சொல்வார். அவளும் இழுத்துவிட்டு, "ஐயையோ, பூட்டு கையோட வந்துடுச்சுங்க" என்பாள். அவர் முகம் வெளிறிப் போகும். கல்யாணமான நாளிலிருந்து அவள் இதையேதான் சொல்கிறாள், அவரும் ஒவ்வொரு முறையும் நம்புகிறார்.

அவர் செய்கிற தொழில் கொடுத்த வியாதி இது. கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டுவது, பழுது பார்ப்பது, மாதாமாதம் போய்ச் சோதிப்பது என்று ஆயுளில் பாதியை அந்த இருட்டுக் குழிகளில் கழித்தவர். மேலே போகிற லிஃப்ட் கடைசி மாடியில் நிற்பதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆவது? அதற்கும் மேலே இன்னொரு சுவிட்ச் இருக்கும். முதல் சுவிட்ச் ஒழுங்காக இருக்கும்வரை இரண்டாவதற்கு வேலையே கிடையாது, அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாத லிஃப்டில் அவர் கால் வைக்க மாட்டார். "ஒரே சுவிட்சை நம்புறவன் லிஃப்ட் மேல கை வைக்கக்கூடாது" என்று வீட்டில் சோறு கொதிக்கும்போதுகூடச் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதர் கடல் தண்ணீர் மீன் தொட்டி வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டி அவராகத் தேடிப் போனதல்ல. ஒரு ஹோட்டலில் லிஃப்ட் வேலை நடந்தபோது, கீழே வரவேற்பறையை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த மீன் தொட்டியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களும், முதுகில் சிவப்புக் கோடு ஓடிய ஒரு இறாலும், பாறையில் ஒட்டி வளர்ந்த பவளங்களும், என்ன நடக்கிறதென்றே தெரியாமல் இருந்தன. "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர். பேச்சுக்குச் சொன்னார். இவர் நிஜமாகவே வண்டி பிடித்துவிட்டார்.

முன்னறையில் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டி உட்கார்ந்தது. அவள் வீட்டிலிருந்தபடியே பேன்ட்டுக்குக் கீழ் மடிப்பு அடிப்பாள், ஜிப் மாற்றித் தருவாள். "இனிமே துணி தைக்க வர்றவங்க மீன் பாத்துட்டுப் போவாங்க. எனக்கென்ன, கூலி கூடக் கேக்கலாம்" என்றாள். அதோடு சரி. அதற்குமேல் தொட்டியைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. தொட்டி அவருடையது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

கடல் தொட்டியில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தண்ணீர் குறையக் குறைய மிச்சத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மீன் கொஞ்சம் தாங்கும், பவளம் தாங்காது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பில்லாத, வடிகட்டிய தண்ணீர். தொட்டியின் பின்பக்கம் மோட்டார் இருக்கும் குறுகலான அறையில்தான் தண்ணீர் குறைவது தெரியும். அந்தக் கண்ணாடியில் மனைவியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். காலையில் வேலைக்குப் போகுமுன் கோடுவரை ஊற்றுவார், மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றாமலே போய் ஊற்றுவார். யாரையும் கிட்டே விடமாட்டார். தன் கை பட்டால்தான் அந்தத் தொட்டி உயிரோடு இருக்கும் என்று முழுசாக நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. வெளியூர் போனால் இரவு தங்க மாட்டார். ஒரே மகளின் கல்யாணத்துக்குப் பக்கத்து நகரத்துக்குப் போனவர், விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே பஸ் பிடித்துவிட்டார். மணப்பெண் மேடையிலிருந்து அப்பாவைத் தேடியபோது அப்பா ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி மட்டும் அங்கேயே ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தாள். அந்த வாரம் பார்த்து, பச்சை விரல்களாக ஆடிக்கொண்டிருந்த பவளம் ஒன்று சுருங்கிச் செத்துப் போனது. கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்தும் செத்துவிட்டதே என்று அவருக்கு ஆறவில்லை. உப்புப் பாக்கெட் மட்டம் என்று மீன் சாமான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

இப்போது அந்த மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் அம்மாவிடம் ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

"அப்பா, நீங்களும் அம்மாகூட வந்து கொஞ்ச நாள் இருந்தா நல்லா இருக்கும்."

"தொட்டி இருக்கேம்மா..."

"ஆமால்ல. சரிப்பா, பரவாயில்ல."

கோபித்திருந்தால் தேவலை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அவள் வெறுமனே 'பரவாயில்ல' என்றாள், பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொல்வதுபோல. போனை வைத்தபிறகும் அந்த வார்த்தை அவர் காதிலேயே நின்றது. எதிர்பார்ப்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் வலித்தது.

"தானா தண்ணி ஊத்துற மெஷின் இருக்காம்ல. அதை வாங்கி மாட்டிட்டு நானும் வரேன்" என்றார் மனைவியிடம்.

"நீங்களா? மெஷினை நம்பி?" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

மறுநாள் மீன் சாமான் கடையில் போய் நின்றார். கடைக்காரம்மா பழைய சண்டையை மறக்கவில்லை. இருந்தாலும் வியாபாரம் வியாபாரம். மூன்று விதமான சாமான்களை எடுத்து மேஜையில் வைத்தாள்.

முதலாவதில் மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மேலே ஒரு டப்பாவில் தண்ணீர், கீழே மிதக்கும் பந்து. தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். கழிவறைத் தொட்டியில் இருப்பதே மாதிரி.

"இது மாட்டிக்கிட்டா?" என்றார்.

"எது?"

"பந்து. உப்பு படிஞ்சு மேல வராம மாட்டிக்கிட்டா? இல்ல, நத்தை ஏறி உட்கார்ந்துட்டா?"

"நத்தைய ஏறாதேன்னு சொல்லி வைங்க."

இரண்டாவதில் மிதக்கும் சுவிட்ச், அதற்கு ஒரு சின்ன மோட்டார். அதற்கும் அதே கேள்வி. மூன்றாவதில் மிதப்பதே எதுவும் இல்லை. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று ஒளியால் பார்க்கும் ஒரு கண். அந்தக் கண்ணுக்கு மேலே இன்னொரு கண். முதல் கண் ஏமாந்து தண்ணீர் ஏறிக்கொண்டே போனால், இரண்டாவது மோட்டாரை நிறுத்திவிடும்.

லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அந்த இரண்டாவது கண்ணைத் தடவிப் பார்த்தார். அப்புறமும் கேட்டார்: "சரி, ரெண்டுமே கெட்டுப்போனா?"

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "சார், இது தொட்டிக்குத் தண்ணி ஊத்துற சாமான். மேல ஆள் ஏறி உட்காரப் போறதில்ல."

அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. ரெண்டுமே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். டப்பாவில் இருக்கும் நல்ல தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் போய்விடும். உப்பு சரசரவென்று இறங்கும், எல்லாம் சாகும். அப்படியானால் டப்பா சின்னதாக இருக்க வேண்டும். முழுசும் உள்ளே போனாலும் தொட்டி தாங்குகிற அளவுதான் டப்பா. ஒரு நாளைக்கு எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கணக்குப்படி சின்ன டப்பாவே பிரசவம் முடிந்து திரும்பும்வரை தாராளமாகக் காணும்.

மாட்டினார். லிஃப்டுக்கு எடை ஏற்றிச் சோதிக்கிற மாதிரி இதற்கும் சோதனை வைத்தார். கண் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு டப்பாத் தண்ணீர் முழுவதையும் உள்ளே ஓடவிட்டார். மனைவி துடைக்கிற துணியோடு பக்கத்தில் நின்றாள். தொட்டி வழியவில்லை, மீன்கள் சட்டை செய்யவில்லை. குழாயின் நுனி தண்ணீரைத் தொட்டால் தண்ணீர் திரும்பி டப்பாவுக்கே போய்விடும் என்று யாரோ சொன்னதால், நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினார். பிறகு மனைவியிடம், "இன்னையிலேர்ந்து சோதனை. மெஷின யாரும் தொடக்கூடாது" என்றார். அந்த வீட்டில் 'யாரும்' என்பது அவள் ஒருத்திதான்.

அவர் ஊற்றுவதை நிறுத்தினார். அது லேசான காரியமில்லை. காலையில் கை தானாக மக்கைத் தேடியது.

ஆனால் சோதனை விசித்திரமாகப் போனது. தொட்டியில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது, அது சரி. டப்பாவில் மட்டும் தண்ணீர் அவர் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. பாதிகூட இறங்கவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது, ஆனால் டப்பாவிலிருந்து போகவில்லை என்றால் அது எங்கிருந்து வருகிறது? தொட்டித் தண்ணீர்தான் திரும்பி டப்பாவுக்குப் போகிறதோ என்று சந்தேகம் வந்தது. டப்பாவில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பில்லை. இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார்.

"சர்க்கரை கம்மியா இருக்கு" என்றாள்.

மெஷினைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரம்மா ஒரு வாளித் தண்ணீரில் வைத்துச் சோதித்துக் காட்டினாள். மெஷின் சொன்னபடி கேட்டது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்ல யாரோ தண்ணி ஊத்துறாங்க."

"எங்க வீட்ல என்னைத் தவிர யாரும் தொட்டியைத் தொடமாட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். பெருமையாகத்தான் சொன்னார்.

மெஷினைத் திரும்ப மாட்டியதற்கு அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன கட்டடத்தில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் லிஃப்டை என்ன செய்வது? மத்தியானமே வீடு திரும்பினார். வாசல் கதவைத் திறந்தபோது தையல் மெஷின் சத்தம் இல்லை. மனைவி தொட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தாள். கையில் மக். அதன் வாயைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, சத்தமில்லாமல், ஒரு குமிழி எழாமல் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஊற்றினால் இறால் பாறைக்குள் ஓடி ஒளியும். இவள் ஊற்றும்போது அது வெளியே வந்து மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"வந்துட்டியா? இரு, இரு" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?" என்று அவர் போட்ட சத்தத்தில் இறாலும் ஓடியது.

அவள் மீதியையும் ஊற்றிவிட்டுத்தான் திரும்பினாள். "பாத்தா தெரியலையா?"

"சோதனை நடந்துட்டிருக்கு! தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மெஷினத் தொடாதேன்னுதானே சொன்னீங்க? மெஷின நான் தொடவே இல்லையே."

"மெஷினே ஊத்தும்போது நீ எதுக்கு ஊத்துற?"

"ஒரே சுவிட்சை நம்பலாமா?" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது.

அவர் பையைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து?"

"மெஷின் வந்ததுக்கப்புறமா? அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடியுமா?"

"தொட்டி வந்த முதல் கோடையிலேர்ந்து. ஒருநாள் மத்தியானம் பாத்தா தண்ணி கோட்டுக்குக் கீழ ரொம்ப இறங்கிப் போய் மோட்டார் சத்தம் போடுது. வெயில் நேரத்துல உங்க காலைத் தண்ணி எந்த மூலைக்குக் காணும்? அதான் பாத்திரம் கழுவினதும் அடுப்படிக் குழாய்லயே வடிகட்டின தண்ணி புடிச்சு ஊத்திடுவேன். அப்படியே பழகிப்போச்சு. நீங்க ஊத்துறத நிறுத்தினதுலேர்ந்து நான் ரெண்டு தரம் ஊத்துறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மத்தியானமும் வேலையப் போட்டுட்டு ஓடி வருவீங்க. கல்யாணப் பொண்ண விட்டுட்டு ஓடி வந்தவருதானே."

லிஃப்ட்காரர் தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது கோபம்தான், அதைச் சொல்லியாக வேண்டும். சோதனை கெட்டுப்போன கோபம். அது போனதும் வெட்கம் வந்தது. பச்சைப் பவளம் ஞாபகம் வந்தது. கல்யாண வாரம். அவர் அடித்துப்பிடித்து ஓடிவந்து காலையும் மாலையும் ஊற்றிய அதே வாரத்தில்தான் அது செத்தது. உப்புப் பாக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் ஊற்ற இவள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். மகளை மேடையில் தவிக்கவிட்டு எதைக் காப்பாற்ற ஓடி வந்தாரோ, அதைக் காப்பாற்றுகிற ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அந்தப் பச்சை..." என்று ஆரம்பித்தார்.

"ம். வந்ததும் பாத்தேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அப்புறம் ஒரு விஷயம் உறைத்தது. அவருடைய கணக்கே தப்பு. அவர் ஊற்றியது பாதித் தண்ணீர், மீதிப் பாதி அவளுடையது. மக்கை ஒளித்துவைத்துச் சோதனையை மறுபடி நடத்தினார்கள். சின்ன டப்பா பாதி வழியிலேயே காலியானது. பெரிய டப்பா வைக்கலாமென்றால், இரண்டு கண்ணும் கெட்டுப்போகும் அந்த ஒரு நாளில் தொட்டி மொத்தமும் போய்விடும். அவர் தரையில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளோ கிட்டே வந்துவிட்டது. இனி புதுசாக ஒன்றை வாங்கி மாட்டிச் சோதிக்க அவகாசமில்லை.

மனைவி துணியை மடித்துக்கொண்டே, கடைக்குப் போய் நூல் வாங்கி வருகிறேன் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்:

"ஒண்ணு பண்ணுங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் இருந்து ஊத்திக்கிறேன்."

"என்ன பேசுற? பிரசவத்துக்கு அம்மா இல்லாமயா?"

"அவ உங்களைத்தானே கேக்குறா. நான் வருவேன்னு அவளுக்குத் தெரியும். நீங்க வருவீங்களான்னுதான் தெரியாது."

அவர் டப்பாவிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் தியாகம் கீகம் என்று பெரிதாக எதுவும் பேசவில்லை. தொட்டிக்கு ஒரு ஆள் வேண்டும், மகளுக்கு ஒரு ஆள் வேண்டும், இருப்பது இரண்டு பேர். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இந்த மாதிரிக் கணக்கை அவள் இன்றைக்குத்தான் முதல்முறை போடுகிறாளா? அவளுடைய தங்கை வீட்டுக்கு வா வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது ஏன்? தையல் வேலை இருக்கிறது என்றாள். இவரும் நம்பினார், பூட்டு கையோடு வந்துவிட்டதென்று நம்பியதைப்போல.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனார். கீழ்வீட்டில் இருப்பவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எந்த மருந்தையும் அளவு பார்த்து, பெயரை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆள் சரி என்று லிஃப்ட்காரருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் தொட்டிப் பக்கம் அவரை அண்டவிட்டதில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறோம். என் தொட்டிய நீங்க பாத்துக்கணும்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா இது? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மேலே அழைத்துவந்தார்கள். சொல்லிக்கொடுத்தது மனைவிதான். டப்பா பாதி காலியானதும் நிரப்ப வேண்டும், தொட்டியில் நேராக ஊற்றக்கூடாது, சிவப்புக் கோட்டைத் தினமும் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றாள்.

"கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே ஊத்தணும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம். உப்பு எங்கயும் போறதில்ல, அது உள்ளதான் இருக்கும். போறது வெறும் தண்ணி. போனத மட்டும் குடுங்க."

லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்ததைவிட அவள் நன்றாகவே சொல்கிறாள் என்று தோன்றியது.

"ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குப் போன் பண்ணவா?" என்று மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு வேண்டாம். இவளுக்குப் பண்ணுங்க. நம்பர் எழுதிக்குங்க" என்றார். மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

கிளம்புகிற அன்று வழக்கம்போலப் பூட்டை இரண்டு தரம் இழுத்தார். மூன்றாவதாக மனைவியும் இழுத்தாள். சிலது ஒரே நாளில் மாறிவிடாது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பாதி மூடிய ஜன்னல். நாற்காலியில் லிஃப்ட்காரர் இரண்டு முழங்கைகளையும் உடம்போடு இறுக்கிக்கொண்டு, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை போதும் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை, அடியில் இன்னொரு கையையும் கொடுத்திருந்தார்.

மனைவியின் பையில் போன் அடித்தது. அவள் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். "சொல்லுங்க... டப்பா பாதியா? ஆமா, நெறைச்சிடுங்க... எறா வெளிய வந்துச்சா? வரும். சத்தம் போடாம நில்லுங்க, வரும்."

மகள் தலையணையிலிருந்து அதைக் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. தொட்டிப் பேச்சு வந்தால் அப்பா கிளம்பிவிடுவார் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

"தொட்டியாப்பா? பரவாயில்ல, குழந்தைய இப்படிக் குடுங்க. எப்ப கிளம்பணும் உங்களுக்கு?"

அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"என்னை ஏன் கேக்குற? உங்கம்மாவக் கேளு" என்றார். "அவ எப்ப போகணும்னு சொல்றாளோ அப்பதான். இத்தனை வருஷமும் தொட்டியப் பாத்துக்கிட்டது அவதான், நான் இல்ல."